திரை சரியாகிவிட்டது, டிக்கெட்டை மூடலாமா?

கேள்வி: ஐயா, மருத்துவமனைகளுக்கான மென்பொருள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 26. பெரும்பாலும் இரவு ஷிப்ட். சென்ற மாதம் ஒருநாள் பின்னிரவில் ஒரு செவிலியர் அழைத்தார். ஒரு நோயாளியின் மருந்துப் பட்டியலில் ஒரே மருந்து, ஒரே நேரத்துக்கு, இரண்டு வரிகளாகத் தெரிகிறது என்றார். திரையைப் புதுப்பிக்கச் சொன்னேன். ஒரு வரி மறைந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டார். புகார்ப் பதிவை, அதாவது டிக்கெட்டை மூடினேன், மொத்தம் நான்கு நிமிடம். காலையில் ஷிப்ட் மாறும்போது அச்சிட்ட பட்டியலில் இரண்டு வரிகளும் இருந்திருக்கின்றன. அடுத்து வந்த செவிலியர் சந்தேகப்பட்டு மருந்தகத்தைக் கேட்டதால் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். "டிக்கெட்டை யார் மூடியது?" என்று கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் அழைப்பையும் பயந்து பயந்துதான் எடுக்கிறேன். நிரலாளர்கள் ஏற்கெனவே எங்களைத் தபால்காரர்களாகத்தான் நடத்துகிறார்கள். உடன் படித்தவர்கள் நிரல் எழுதுகிறார்கள், நான் தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தவறு என்னுடையதா? இதை விட்டுவிட்டு நிரல் எழுதும் பக்கம் போய்விடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தவறு யாருடையது என்பதை முதலில் பேசிவிடுவோம். அதைத் தள்ளிப்போட்டால் நான் சொல்லும் மற்ற எதுவும் உங்கள் காதில் ஏறாது. பாதி உங்களுடையது. மீதிப் பாதியை அந்தக் கூட்டத்தில் யாரும் எடுத்துக்கொள்ளாததால் முழுவதையும் நீங்களே சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

இந்தத் துறைக்கு நான் வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. முதல் எட்டு ஆண்டுகள் உங்களைப் போலவே தொலைபேசி. அதன் பிறகு மருத்துவமனையின் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகும் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆகவே உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தச் செவிலியர் எந்தக் குரலில் பேசியிருப்பார் என்பதுகூட எனக்குக் கேட்டது.

திரையைப் புதுப்பிக்கச் சொன்னதில் குற்றமில்லை. நானும் அதையே சொல்லியிருப்பேன். ஒரு வரி மறைந்தபோது நீங்கள் நிம்மதி அடைந்தீர்களே, அங்கேதான் சறுக்கல். நோயாளிக்குப் போக வேண்டிய மருந்து ஒன்று திரையில் தானாக முளைத்துத் தானாக மறைந்தால், முதலில் இருந்ததைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டும். முதலில் உங்கள் கையில் ஒரு பிழை இருந்தது. இப்போது அது எங்கே போனது என்று தெரியாத நிலை.

உங்கள் நிறுவனத்தில் என்ன காரணம் கண்டுபிடித்தார்கள் என்று எழுதவில்லை. ஆனால் இந்த அறிகுறி எனக்குப் பழக்கமானது. நான் பார்த்தவரை இதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே கதைதான். மருத்துவர் எழுதும் மருந்து ஆணை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தியாகப் போகிறது. பெரும்பாலான மருத்துவமனைகளில் அந்தச் செய்தி இன்னும், மருத்துவ மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான எச்எல்7 என்ற பொதுத் தரத்தின் இரண்டாம் பதிப்பு வடிவத்தில்தான் இருக்கிறது. வாங்கிய பக்கம் 'கிடைத்தது' என்று ஒப்புகை அனுப்ப வேண்டும். ஆணையைச் சேமித்துவிட்டு ஒப்புகை அனுப்பும் அந்த ஓரிரு விநாடியில் இணைப்பு தடுமாறினால், அனுப்பிய பக்கத்துக்கு ஒப்புகை போய்ச் சேராது. கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அது மறுபடியும் அனுப்பும். ஒவ்வொரு செய்தியின் தலைப்பு வரியிலும் பத்தாவது புலத்தில் அந்தச் செய்திக்கே உரிய 'கட்டுப்பாட்டு எண்' ஒன்று உண்டு. 'இந்த எண்ணை ஏற்கெனவே வாங்கிவிட்டேனே' என்று பெறும் பக்கம் சரிபார்த்தால் வம்பில்லை. சரிபார்க்காவிட்டால் ஒரே ஆணை இரண்டாகப் பதிவாகும். வார்டுத் திரை புதுப்பிக்கும்போது ஒரே மாதிரியான வரிகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும். அச்சிடும் பட்டியல் தரவுத்தளத்தில் இருப்பதை அப்படியே கொட்டும். இரண்டு ஷிப்ட் செவிலியரும் பார்த்தது உண்மைதான்.

நீங்கள் செய்திருக்க வேண்டியது சின்ன வேலை. "அதே நோயாளியின் பட்டியலை அச்சு முன்தோற்றத்தில் திறந்து பாருங்கள், அங்கேயும் ஒன்றுதானா?" என்று கேட்டிருக்கலாம். அல்லது நீங்களே தரவுத்தளத்தில் அந்த நோயாளியின் ஆணைகளை எண்ணிப் பார்த்திருக்கலாம். கூடுதலாக மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

அந்த மூன்று நிமிடத்தில்தான் உங்கள் நிறுவனத்தின் பாதி இருக்கிறது. "மொத்தம் நான்கு நிமிடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பெருமிதம் இருந்திருக்கிறது. அந்த இரவு அது நல்ல எண். அழைப்பை எவ்வளவு விரைவாக முடித்தீர்கள், ஒரு ஷிப்டில் எத்தனை டிக்கெட்டை மூடினீர்கள் என்று அளந்து மாதக் கடைசியில் வரிசைப்படுத்தும் இடத்தில், தரவுத்தளத்தை எட்டிப் பார்ப்பவர் கடைசி ஆளாகத்தான் நிற்பார். 'யார் மூடியது' என்று கேட்ட கூட்டத்தில் 'இரண்டாவது ஆணை எப்படி உள்ளே வந்தது, வேறு எத்தனை நோயாளிகளுக்கு வந்திருக்கிறது' என்று கேட்டார்களா? கேட்டிருந்தால் உங்கள் கடிதத்தில் அதுவும் இருந்திருக்கும்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். உங்களை ஆறுதல்படுத்துவதற்காக இல்லை; இதில் பிடித்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது.

வேலையில் எனக்கு நான்காம் ஆண்டு. விடுமுறை நாள் மாலை. ஒரு வார்டிலிருந்து அழைப்பு: "ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு மட்டும் வரவில்லை. மற்றபடி பிரச்சினை இல்லை." எங்கள் விதிப்படி ஒரே நோயாளி பாதிக்கப்பட்டால் மூன்றாம் நிலை, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். அப்படியே குறித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு அழைத்தது. பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. பிறகு ஆய்வகமே அழைத்து, "நாங்கள் முடிவுகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறோம், உங்களிடம் ஏன் தெரியவில்லை?" என்றது.

போய்வரும் செய்திகளைக் குறித்துவைக்கும் லாக் பதிவைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. முதலில் அழைத்த வார்டு சொன்ன அதே நோயாளி. ஆய்வக ஊழியர் ஒருவர் முடிவோடு சேர்த்து எழுதும் குறிப்பில், இரண்டு சொற்களைப் பிரிப்பதற்காக ஒரு செங்குத்துக் கோட்டைத் தட்டியிருக்கிறார். எச்எல்7 செய்தியில் ஒரு புலத்தையும் அடுத்த புலத்தையும் பிரிப்பதே அந்தக் கோடுதான். குறிப்புக்குள் அது வந்தால் வேறு குறியீடாக மாற்றி அனுப்ப வேண்டும். ஆய்வக மென்பொருள் மாற்றவில்லை. அதனால் அந்தக் கோட்டுக்குப் பின்னாலிருந்த புலங்கள் அனைத்தும் ஓரிடம் தள்ளிப்போயின. முடிவு இறுதியானது என்பதைச் சொல்லும் 'எஃப்' என்ற எழுத்து 11ஆம் புலத்தில் இருக்க வேண்டும், அங்கே வெறுமை. பெறும் பக்கம் 'ஏஇ', அதாவது பிழை, என்று திருப்பியது. அனுப்பும் பக்கம் சளைக்காமல் மறுபடி அனுப்பியது. மறுபடியும் ஏஇ. வரிசையில் முதலில் நிற்பது நகராமல் பின்னால் இருப்பது நகராது. 300க்கும் மேற்பட்ட முடிவுகள் அதன் பின்னால் காத்துக்கிடந்தன.

ஒரே ஓர் எழுத்துதான். ஆனால் நான் சொல்ல வந்தது எழுத்தைப் பற்றி அல்ல. முதலில் அழைத்தவர் "ஒரு நோயாளி மட்டும்" என்று சொன்னது பொய்யில்லை. அவர் அழைத்த நேரத்தில் ஒருவர்தான். வரிசை அடைத்துக்கொண்டால் முதலில் அழைப்பவருக்கு எப்போதும் ஒரு நோயாளிதான் இருப்பார். அன்று நான் "உங்கள் வார்டில் கடைசியாக வந்த முடிவு யாருடையது, எத்தனை மணிக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், அரை மணி நேரமாக எதுவுமே வரவில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து "மட்டும்" என்ற சொல்லைக் கேட்டால் என் காது நிமிர்ந்துகொள்ளும்.

டிக்கெட்டின் அவசரத்தை எத்தனை பேர், எத்தனை கணினி என்று எண்ணி முடிவு செய்யும் அட்டவணை வங்கிக்கோ கடைக்கோ பொருந்தும். நம் வேலையில் அதற்கு மேல் ஒரு கேள்வி வேண்டும். அழைப்பவரிடம் அதை நேராகவே கேட்டுவிடுங்கள்: "இதை வைத்து அடுத்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" மாதாந்திர அறிக்கை எடுக்கப் போகிறார் என்றால் நாற்பது பேருக்குத் திரை வராவிட்டாலும் பொறுக்கலாம். இன்சுலின் போடப் போகிறார் என்றால் ஒருவர் போதும், ஆட்களை எழுப்பலாம். உங்கள் செவிலியரிடம் இதைக் கேட்டிருந்தால் "ஆறு மணி மருந்துக்கான பட்டியலை அச்சிட்டு அடுத்தவரிடம் கொடுப்பேன்" என்றிருப்பார். அச்சுப் பட்டியல் என்ற சொல் அங்கேயே உங்கள் காதில் விழுந்திருக்கும்.

அழைப்பவர் சொல்வதை நம்புவது பற்றியும் ஒரு பேச்சு இருக்கிறது. நம் துறையில் வேலை செய்யும் எவரும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகளுக்கு அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் இறந்தார்கள். மென்பொருள் பாடம் நடத்துகிறவர்கள் அதை நிரலாளரின் தவறாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் உதவிப் பிரிவுக்கான பாடமும் இருக்கிறது. அதை யாரும் நடத்துவதில்லை.

1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் ஒரு புற்றுநோய் மையத்தில் அந்த இயந்திரம் 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு 54) என்று காட்டி நின்றது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று இயக்குபவருக்கு விளங்கும்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. இம்மாதிரிச் செய்திகள் அந்த இயந்திரத்தில் சகஜம். வேறொரு மருத்துவமனையில் சில நாட்களில் 40 முறைகூட வந்ததாகப் பதிவு இருக்கிறது. ஒரு விசையைத் தட்டினால் சிகிச்சை தொடரும், ஆகவே தட்டினார். நோயாளி வலியில் துடித்தார். இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்தார்கள், சோதித்தார்கள், அந்தப் பிழையை அவர்களால் வரவழைக்க முடியவில்லை. ஏப்ரல் 7 அன்று இயந்திரம் மறுபடி இயங்கத் தொடங்கியது. நான்கு நாட்களில் அதே அறையில் இரண்டாவது விபத்து, அதே 54.

அதைக் கடைசியில் கண்டுபிடித்தது நிறுவனம் அல்ல. மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்த இயக்குபவரும். இருவரும் உட்கார்ந்து, அன்று என்னென்ன விசைகளை எந்த வரிசையில் தட்டினார் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கதிரின் வகையைத் தவறாகத் தட்டிவிட்டு, மேலே போய்த் திருத்திவிட்டு, எட்டு விநாடிக்குள் திரும்பி வந்தால் 54 வந்தது. மெதுவாகத் தட்டினால் வராது. தினமும் அதே திரையில் வேலை செய்து விரல் பழகிப்போன ஒருவரால்தான் அவ்வளவு வேகமாகத் தட்ட முடியும். வேகமாகத் தட்ட வேண்டும் என்று இயற்பியலாளர் விளக்கிச் சொன்ன பிறகே நிறுவனத்தாலும் அதை வரவழைக்க முடிந்தது.

"எங்கள் பக்கம் வரவில்லை" என்று டிக்கெட்டில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த எட்டு விநாடி நினைவுக்கு வரும். அவர் செய்ததை நான் செய்து பார்க்கவில்லை என்பதற்கு மேல் அந்த வாக்கியத்துக்குப் பொருள் இல்லை. அவருடைய விரலுக்குப் பழகிய குறுக்குவழி, திறந்தபடி விட்டிருக்கும் இன்னொரு நோயாளியின் திரை, பாதியில் தொலைபேசி எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தது, இவையெல்லாம் நம் சோதனைக் கணினியில் கிடையாது. "என்ன பிழைச் செய்தி வந்தது?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டு அவர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். அலுப்பூட்டும் விவரம் என்று அவர் நினைத்துச் சொல்லாமல் விடுவதில்தான் பெரும்பாலும் விடை இருக்கும்.

எண் சம்பந்தப்பட்ட அழைப்பாக இருந்தால் அலகைக் கேட்க மறக்காதீர்கள். ரத்தச் சர்க்கரை ஒரு நாட்டில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இன்னொரு நாட்டில் லிட்டருக்கு மில்லிமோல். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 18 மடங்கு. 6.5 மில்லிமோல் என்றால் 117 மில்லிகிராம். அலகுக்கான புலம் காலியாக வந்து, பெறும் மென்பொருள் தன் வழக்கமான அலகை ஒட்டவைத்துவிட்டால், திரையில் 6.5 மில்லிகிராம் என்று நிற்கும். உயிர்போகும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாகத்தான் அதைப் படிப்பார்கள். "எண் வித்தியாசமாக இருக்கிறது" என்று சொல்லும் செவிலியரிடம் "புதுப்பியுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். எடை விஷயமும் இப்படித்தான். பவுண்டைக் கிலோவாக எடுத்துக்கொண்டால் குழந்தைக்குப் போகும் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது முழுவதும் போய்விட வேண்டும் என்று நான் விரும்பவில்லை. போனவர்களைப் பார்த்திருக்கிறேன், நள்ளிரவில் தரவுத்தளத்தில் கைவைத்து, நிபந்தனை வரி இல்லாமல் எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழியில் ஒரு கட்டளையை ஓட்டி, ஒருவருடைய ரத்த வகையைத் திருத்தப் போய் எல்லோருடைய ரத்த வகையையும் ஒன்றாக்கியவர்கள் அவர்கள்தான். இரண்டு இடங்களில் பயம் இருந்தே ஆக வேண்டும்: நேரடித் தரவில் கையால் திருத்தும்போதும், இரண்டு நோயாளிப் பதிவுகளை ஒன்றாக இணைக்கும்போதும். அந்த இரண்டையும் தனியாக, இரவில், யாரோ அவசரப்படுத்துகிறார் என்பதற்காகச் செய்யாதீர்கள். ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி கொண்ட இருவர் இருக்கத்தான் செய்கிறார்கள். இணைத்துவிட்டால், எந்த ஒவ்வாமை யாருடையது என்று பிரித்தெடுப்பதற்குள் உயிர் போய்விடும். யாருடைய உயிர் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மற்ற நேரத்துப் பயம் உபயோகமில்லாதது. அதற்கு ஒரே மருந்து, எழுதி வைப்பது. ஷிப்ட் முடியும்போது மூடிய டிக்கெட்டுகளில் மனதுக்கு உறுத்தலாக இருப்பவற்றைத் தனியே எழுதி அடுத்தவரிடம் கொடுங்கள்: "இது மறைந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை, காலையில் ஒருமுறை பாருங்கள்." அன்று நீங்கள் இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் கூட்டத்தில் உங்களைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி பார்த்திருப்பார்கள். எழுதும்போது நோயாளியின் பெயரை எழுதாதீர்கள். டிக்கெட்டில் ஸ்கிரீன்ஷாட் ஒட்டினால் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஒட்டுங்கள். அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டத்தின் கீழ் வந்த விதிகள், ஒருவரை அடையாளம் காட்டக்கூடியவை என்று 18 வகைத் தகவல்களைப் பட்டியலிடுகின்றன. உங்கள் வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள். முகம் தெரியும் படமும் தொலைபேசி எண்ணும் எதிர்பார்த்தவைதான், வாகன எண்கூட அதில் இருக்கிறது.

தபால்காரர் விவகாரம். இதில் நிரலாளர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். "மருந்துப் பட்டியலில் கோளாறு, அவசரம், உடனே பார்க்கவும்" என்று ஒரு டிக்கெட்டை மேலே தள்ளினால் அது தபால்தான். இதே இப்படிப் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்: "ஒரே மருந்து ஆணை இரண்டு வரிசை எண்களில் பதிவாகியிருக்கிறது. இரண்டு செய்திகளுக்கும் கட்டுப்பாட்டு எண் ஒன்றே. முதல் செய்தி 02:14:07, இரண்டாவது 02:14:37, சரியாக 30 விநாடி இடைவெளி. நம் மறு அனுப்புதலுக்கான காத்திருப்பு நேரமும் 30 விநாடிதான். வார்டுத் திரையில் புதுப்பித்தால் ஒன்றாகத் தெரிகிறது, அச்சில் இரண்டாக வருகிறது. கடந்த 24 மணி நேரத்தில் இதே போல வேறு ஐந்து ஆணைகள் இருக்கின்றன, பட்டியல் இணைப்பில்." இதைத் திருப்பி அனுப்ப எந்த நிரலாளருக்கும் மனம் வராது. பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்களே. இப்படி ஆறு மாதத்தில் பத்து டிக்கெட் எழுதுங்கள். அதன் பிறகு அவர்கள் உங்கள் மேஜைக்கு வந்து சந்தேகம் கேட்பார்கள். என்னிடம் அப்படித்தான் வந்தார்கள்.

நிரல் எழுதப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிரல் எழுதுவது பிடித்திருந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் 'பிடித்திருக்கிறது' என்று ஓரிடத்திலும் இல்லை. கூட்டம், நண்பர்கள், தபால்காரர் என்றுதான் இருக்கிறது. அவமானத்துக்குத் தப்பி ஓடுகிறவர் புதிய இடத்திலும் முதல் பிழை வந்ததும் இதே கடிதத்தை எழுதுவார். என் அபிப்பிராயம், இப்போது போகாதீர்கள். நிரலாளர் அறைக்குப் போவதற்கு முன் நடுவில் ஒரு நல்ல அறை இருக்கிறது. நம் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. மென்பொருள்களுக்கு இடையிலான இணைப்புகளைப் பார்க்கும் வேலை. மூன்று ஆண்டு அழைப்புகளில் எது எங்கே உடையும் என்று உங்களுக்கு ஓர் உள்ளுணர்வு வந்திருக்கும், அதற்கு அங்கே மதிப்பு உண்டு.

அதற்கு என்ன தேவை? எஸ்கியூஎல்லில் தேடி எடுக்கும் கட்டளைகளைச் சரளமாக எழுத வேண்டும். எச்எல்7 செய்தியை வெறும் கண்ணால் படிக்கப் பழக வேண்டும்; ஒரு மாதம் தினமும் பத்துச் செய்தி படித்தால் வந்துவிடும், குறுக்கெழுத்துப் புதிர் மாதிரிதான். ஏ01 என்றால் சேர்க்கை, ஏ03 என்றால் வீடு திரும்புதல், ஏ40 என்றால் பதிவு இணைப்பு என்பதெல்லாம் தன்னால் மனதில் ஏறும். தகவல் பரிமாற்றத்துக்கான எஃப்எச்ஐஆர் என்ற புதிய தரம், சோதனைப் பயன்பாட்டுக்கான வரைவுத் தரமாக முதன்முதலில் 2014இல் வந்தது. இணையத்தில் எல்லா மென்பொருளும் பேசும் மொழியிலேயே அது பேசுவதால் உங்கள் வயதினருக்கு எளிது, அதையும் தொட்டு வையுங்கள். ஸ்கேன் போன்ற மருத்துவப் படங்களுக்கான டைகாம் என்ற தரத்தைத் தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம்.

இரவு ஷிப்டைப் பற்றி மட்டும் கறாராக இருங்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இரவில் வேலை செய்தவரின் பயத்தில் எவ்வளவு பயம், எவ்வளவு தூக்கமின்மை என்று பிரித்துச் சொல்ல முடியாது. சுழற்சி கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மூன்று மாதத்தில் நடக்காவிட்டால் வேறு நிறுவனம் பாருங்கள். அது ஓடிப்போவது ஆகாது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒருவரைப் பற்றி. பின்னிரவில் அழைத்தவரிடம் அதன் பிறகு யாராவது பேசினார்களா? அவர் சரியாகத்தான் கவனித்தார், சரியாகத்தான் சொன்னார். நீங்கள் சரியாகிவிட்டது என்றீர்கள், நம்பினார். காலையில் அவருடைய வார்டிலும் ஒரு கூட்டம் போட்டிருக்கலாம். அங்கேயும் எல்லோரும் ஒருவரைப் பார்த்திருக்கலாம்.

மேலாளரிடம் சொல்லிவிட்டு அவரை அழையுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். "அன்று நீங்கள் சொன்னது சரி. ஆணை உண்மையிலேயே இரண்டாகப் பதிவாகியிருந்தது. நான் திரையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், இன்ன தேதியில் திருத்தம் வருகிறது, அதுவரை அச்சுப் பட்டியலை இப்படிச் சரிபாருங்கள்." திருத்தம் எப்போது என்று தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு அழையுங்கள், தேதி இல்லாத மன்னிப்பு செவிலியருக்கு எதற்கும் பயன்படாது. பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதீர்கள். நான் இப்படி அழைத்தபோதெல்லாம் எதிர்முனையில் ஒரு சின்ன இடைவெளி விழும், பிறகு "இன்னொன்றும் கவனித்திருக்கிறேன், சொல்லலாமா?" என்பார்கள். காகிதம் எடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள்.